பை நிறையக் கேள்விகள்

போன இதழில் இந்தப் பகுதியோடு வந்த படத்தில் என் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. பச்சை நிறத்தில் முடிச்சு முடிச்சாகப் பின்னிய வளையம், நடுவில் ஒரு வெள்ளைப் பூ. நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றி இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தேன், அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதம், வாட்ஸாப் எல்லாமே அந்தப் பையைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே.

*

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் காபித்தூள், மிளகு, தைலம் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்தபோது உங்கள் பையைப் போலவே ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். கடையில் சும்மா மாட்டி வைத்தேன், வருகிறவர்கள் எல்லாம் விலை கேட்கிறார்கள். ஐம்பது பை அடித்து விற்கலாமா என்று ஓர் ஆசை. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "சிக்குக் கோலத்தை வாசலில் போடுவார்களா, தோளில் போடுவார்களா?" என்று கேட்கிறார். அது கோலமா, கெல்டிக்கா?
— வாசகி, ஏற்காடு

உங்கள் மாமியாருக்கு நல்ல கண். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது கெல்டிக் முடிச்சு. 'கெல்டிக்' என்றே சொல்லுங்கள். கிளாஸ்கோ ஊர் கால்பந்து அணி மாதிரிச் சில விளையாட்டு அணிக்காரர்கள்தான் அதே எழுத்தை 'செல்டிக்' என்பார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மேன் தீவு, பிரான்ஸின் பிரிட்டனி, இந்த ஆறு இடங்களின் பழைய மொழிகளும் அவற்றைப் பேசியவர்களின் வழிவந்தவையும்தான் இன்று கெல்டிக் என்று அறியப்படுகின்றன. பை விற்கிறவர்கள் 'மூவாயிரம் வருடத்து மந்திர முடிச்சு' என்று ஒரு சீட்டு வைத்துத் தருவார்களே, அதை நம்ப வேண்டாம். கெல்டுகளின் பழைய கலைக்கு சுவிட்சர்லாந்தில் இருக்கும் லா தேன் என்ற இடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், சுமார் கி.மு. 450 முதல் தொடங்குவது. அதில் இருப்பவை சுருளும் கொடியும்தான். முடிச்சு வந்தது வெகு பின்னால், அயர்லாந்து, பிரிட்டன் பக்கம் கிறிஸ்தவம் போன பிறகு, துறவிகளின் கையில். அதில் பேர்பெற்றது கி.பி. 800ஐ ஒட்டிக் கன்றுத் தோலில் எழுதிய கெல்ஸ் நூல். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களும் உள்ள புத்தகம் அது. அதாவது நீங்கள் மாட்டி வைத்திருக்கும் முடிச்சு, வேதப் புத்தகத்தின் ஓரத்தில் வளர்ந்தது.

மூன்று சுருள் ஒன்றாகச் சேர்ந்த சின்னம் ஒன்றும் இந்தப் பைகளில் அடிக்கடி வரும். அதன் கதை இன்னும் வேடிக்கை. அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் சுமார் கி.மு. 3200இல் கட்டிய கல்லறை மேட்டுக்குள்ளே அந்தச் சுருள் செதுக்கியிருக்கிறது. அப்போது அந்தத் தீவில் கெல்டிக் மொழி பேசுகிறவர்கள் எவரும் இல்லை. பிரமிடுகளுக்கும் முந்தியது. டிசம்பரில் ஆண்டின் மிகச் சிறிய பகல் வருமே, அதை ஒட்டிய சில நாள் காலையில் மட்டும் சூரியன் வாசலுக்கு மேலே உள்ள ஒரு சந்து வழியாக உள்ளறை வரை போகும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் மாசி மாதம் சில நாள் சாயங்கால வெயில் கருவறைக்குள் போவதைப் பார்க்க ஊரே நிற்கிறதே, எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

இப்போது மாமியார் விஷயம். கெல்டிக் முடிச்சு வரைகிறவர்களும் முதலில் புள்ளிதான் வைக்கிறார்கள். புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். சிக்குக் கோலத்தில் வேறு என்ன செய்கிறோம்? வித்தியாசம் ஒன்றே ஒன்று. கோலத்தில் மாவு விழுந்த இடத்தில் விழுந்ததுதான், ஒரு கோடு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும், மேல் கீழ் இல்லை. கெல்டிக்கில் கோடு ஒரு கயிறு. ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே போக வேண்டும், மறுபடி மேலே. அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. பாவும் ஊடும் (நீள நூலும் குறுக்கு நூலும்) என்றால் முடிந்தது. அக்கா மகள் தந்த பையில் விரலை வைத்துக் கோட்டோடு போய்ப் பாருங்கள். மேல், கீழ், மேல், கீழ் என்று கடைசி வரை வந்தால் வரைந்தவருக்குத் தொழில் தெரியும். அடுத்தடுத்து இரண்டு தடவை மேலே வந்தால் யாரோ அவசரத்தில் காப்பி அடித்தது. எப்படிப்பட்ட கோட்டையும் மாறி மாறிப் பின்னிவிட முடியும் என்பது கணக்கிலேயே நிரூபித்த விஷயம், அதனால் 'இந்த டிசைனுக்கு அப்படித்தான் வரும்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தாராளமாக விற்கலாம். ஐம்பது வேண்டாம், பன்னிரண்டில் ஆரம்பியுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: வட்டத்துக்குள் நான்கு கையும் சமமாக இருக்கிற மொட்டைச் சிலுவையை, பின்னல் எதுவும் இல்லாமல், தனியாக அடிக்காதீர்கள். ஐரோப்பாவில் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் அதைத் தங்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள், உங்கள் கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் முகம் சுளிப்பார், உங்களுக்குக் காரணம் புரியாது. நம் ஸ்வஸ்திக்கைப் போட்டுக்கொண்டு ஜெர்மனியில் நடந்தால் என்ன ஆகுமோ அதே கதைதான். பின்னலோடு நிற்கும் உயரமான கல் சிலுவை வேறு, அதில் தப்பில்லை.

மாமியாரிடம் சொல்லுங்கள், தோளிலும் போடலாம்.

*

என் மகள் ஆன்லைனில் ஒரு பை வாங்கினாள். பூக்களுக்கு நடுவே ஐந்து முனை நட்சத்திரம். பெட்டி மேல் 'பேகன் ஃப்ளோரல்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி அது சாத்தானுடையது, எரித்துவிடு என்கிறார். பை விலை 799 ரூபாய். என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்

முதலில் தீப்பெட்டியைக் கீழே வையுங்கள்.

பேகன் என்றதும் எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வையாவிக் கோப்பெரும் பேகன்தான் நினைவுக்கு வருவார், ஆனால் இவர் வேறு. லத்தீனில் 'பாகுஸ்' என்றால் நாட்டுப்புறப் பகுதி. அங்கே இருப்பவன் 'பாகானுஸ்'. பட்டிக்காட்டான் என்கிறோமே, கிட்டத்தட்ட அப்படி. ரோமாபுரிப் பட்டணங்களில் கிறிஸ்தவம் பரவிய பிறகு, பழைய சாமிகளை விடாமல் கும்பிட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சாத்தான் என்பவரே கிறிஸ்தவத்துக்குள் இருக்கிற ஆள். பேகன்களுக்கு அவரோடு பழக்கமில்லை.

இன்று தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வேறு ஒரு கூட்டம், அது புதுசு. பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டத்தை 1951இல் எடுத்தார்கள். 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் 'விக்கா' வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். ஆண்டைச் சக்கரமாக வரைந்து எட்டுத் திருவிழா குறித்திருப்பார்களே, பைகளில் அதுவும் வரும், அந்த எட்டையும் ஒரே சக்கரத்தில் கோத்ததும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதிலுள்ள சில திருவிழாக்கள் நிஜமாகவே பழையவை: அக்டோபர் கடைசியில் வரும் 'சாவின்' (Samhain), மே முதல் தேதி வரும் 'பெல்டேன்'. கோத்த நூல் புதுசு, மணிகளில் சில பழசு, அவ்வளவுதான்.

நட்சத்திரத்துக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களே ஐந்து முனை நட்சத்திரத்தை இயேசுவின் ஐந்து காயங்களுக்கு அடையாளமாக வைத்திருந்தார்கள். தலைகீழாகத் திருப்பினால் தீயது என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. இலையால் ஆன முகம் ஒன்றும், வாயிலிருந்து கொடி வருகிற மாதிரி, இந்தப் பைகளில் இருக்கும். 'பச்சை மனிதன்' என்பார்கள். அது இங்கிலாந்தின் பழைய சர்ச் தூண்களில் நிறைய இருக்கிறது. அந்தப் பெயரே 1939இல் ராக்லன் சீமாட்டி ஒரு கட்டுரையில் வைத்தது. சர்ச்சுக்குள்ளேயே அத்தனை நூற்றாண்டு உட்கார்ந்திருந்தவர் உங்கள் வீட்டு ஆணியில் தொங்குவதால் ஒன்றும் ஆகிவிடாது.

இத்தனைக்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் மகளிடம் நேராகப் பேசுங்கள், அவளுடைய பை. எரிப்பதெல்லாம் வேண்டாம். கேன்வாஸ் எரிந்தால் புகைச்சல் தாங்காது, அஸ்தம்பட்டியில் வீடுகள் நெருக்கம் வேறு.

*

கட்டைப்பை, மஞ்சப்பை எல்லாம் இருக்கும்போது டோட் பை என்று ஒன்று எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குகை

பேருக்குத்தான் சார். 'டோட்' என்றால் தூக்கிக்கொண்டு போவது. நீளக் கைப்பிடி வைத்த மஞ்சப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே ஆரம்பித்தது. ஆனால் பருத்திப் பை வாங்கிவிட்டாலே புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமடைதலை வைத்துப் பார்த்தால் ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 தடவை உபயோகிக்க வேண்டும் என்று வந்தது. பீரோவில் இருபது பை மடித்து வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். நானும்தான்.

கட்டைப்பை வேறு விஷயம். ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கட்டைப்பையின் உழைப்புக்கு எந்த டோட் பையும் நிற்காது.

*

தையல்காரன். டோட் பை ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, வட்டமான கெல்டிக் முடிச்சு ஸ்கிரீன் பிரின்ட் செய்து தைத்துத் தர வேண்டும். என்ன துணி, என்ன கவனிக்க வேண்டும்?
— கொண்டலாம்பட்டி

நல்ல வேளை முன்னாலேயே கேட்டீர்கள். நான் கேட்காமல் செய்து பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, அறுபது. வழக்கமான பிள்ளையாரும் மாவிலையும் வேண்டாம், வித்தியாசமாக வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்ததால் ஒரு வட்ட முடிச்சு வரைந்து கொடுத்தேன், எல்லோருக்கும் பிடித்தது. காடாத் துணி வாங்கினேன். துணி கொடுத்த இடத்தில் 'நனைத்துச் சுருக்கியதுதான்' என்றார்கள், நம்பினேன். அடித்தோம், தைத்தோம், தேங்காய் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பெண்ணின் அம்மா துவைத்த பை ஒன்றை என் மேஜையில் வைத்தார். வட்டம் முட்டையாகியிருந்தது. பச்சை மை ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்து, மாரியம்மன் வந்து இறங்கிய முகம் மாதிரி. அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இரண்டு. தறியிலிருந்து வந்த பருத்தித் துணியில் பாவு நூல் இழுத்துக் கட்டிய நிலையில் நெய்யப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் தளர்ந்து அது பழைய நீளத்துக்குத் திரும்பும். அதனால் பாவு வாக்கில் அதிகம் சுருங்கும், ஊடு வாக்கில் குறைவு. பூவோ எழுத்தோ என்றால் யாருக்கும் தெரியாது. வட்டமும் சதுரமும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும். பிக்மென்ட் மை நூலுக்குள் பிடிக்காமல் கஞ்சி மேல் உட்காரும், கஞ்சி கரையும்போது மையும் இறங்கிவிடும்.

ஆகையால், துணியில் ஒரு மீட்டர் வெட்டி, இரண்டு வாக்கிலும் 50 செ.மீ. குறித்து, வெந்நீரில் துவைத்துக் காய வைத்து மறுபடி அளந்து பாருங்கள். யார் என்ன சொன்னாலும். கஞ்சி போக அலசி, காய வைத்து, இஸ்திரி போட்டுத்தான் மேஜையில் விரிக்க வேண்டும். அடித்த பிறகு மை காய்ந்தால் போதாது, சூடு காட்ட வேண்டும். மையைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் பிடிப்பதற்குச் சுமார் 150 டிகிரி சில நிமிடம் தேவை. அடுப்பு இல்லாதவர்கள் அச்சின் பின்பக்கம் காட்டன் சூட்டில் இஸ்திரியை நிதானமாக ஓட்டலாம். டப்பா மேல் எழுதியிருக்கும் சூடும் நேரமும்தான் கடைசி வார்த்தை.

கனம்: அவுன்ஸில் (சதுர கஜத்துக்கு) சொல்வார்கள், ஜி.எஸ்.எம்.மில் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது 34 ஜி.எஸ்.எம். என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். 5 அவுன்ஸ், அதாவது 170, தாம்பூலப் பைக்குப் போதும்; இரண்டு கிலோ தக்காளி போட்டால் கைப்பிடி கண்ணீர் விடும். கடையில் விற்கும் பைக்கு 10 அவுன்ஸ், 340. அதற்கு மேல் 12 போனால் உங்கள் மெஷின் மூலையில் நான்கு மடிப்பை ஏற்க முரண்டு பிடிக்கும், ஊசி 16ஆவது 18ஆவது போட வேண்டும். தோளில் மாட்ட வேண்டுமென்றால் கைப்பிடி நாடா ஒவ்வொன்றும் 26 அங்குலமாவது வெட்டுங்கள், பைக்குள் ஒன்றரை அங்குலம் இறக்கிச் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள்.

முடிச்சுக்கென்று ஒன்று சொல்ல மறந்தேன், இது முக்கியம். கயிறு கீழே போகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு சின்ன வெள்ளை இடைவெளி விட்டிருப்பார்கள் இல்லையா, அந்த இடைவெளிதான் மேல் கீழ் என்று கண்ணுக்குச் சொல்வது. சொரசொரப்பான கேன்வாஸில் மை பரவி அதை மூடிவிடும். இரண்டு மி.மீ. இல்லாத இடைவெளியை நம்பாதீர்கள். டிசைன் கொடுத்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஒரு பை அடித்துக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு கலர் கேட்டாலும் ஒரே கலரில் நில்லுங்கள்; ஒவ்வொரு கலருக்கும் தனி ஃபிரேம், ஒன்றோடொன்று அரை மி.மீ. தள்ளினாலும் பின்னல் பல்லிளிக்கும்.

*

நெட்டில் கெல்டிக், பேகன் பூ டிசைன் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. டவுன்லோட் செய்து பையில் அடித்துக் காலேஜ் ஃபெஸ்டில் விற்கலாமா? பழங்காலத்து டிசைன்தானே, யாருக்கு உரிமை?
— இரண்டாம் ஆண்டு மாணவர், ஐந்து ரோடு, சேலம்

தம்பி, டிசைன் பழசு, படம் பழசா என்று பாருங்கள். கெல்ஸ் நூலின் ஓரத்தைப் பார்த்து நீங்களே வரைந்தால் கேட்க ஆளில்லை, வரைந்தவர்கள் போய் 1,200 வருடமாகிறது. ஆனால் அதே ஓரத்தைப் பார்த்து போன வருடம் ஒரு பெண் கம்ப்யூட்டரில் வரைந்து பூ சேர்த்திருந்தால் அந்தப் படம் அவருடையது. இந்தியாவில் ஓவியர் இறந்த பிறகும் 60 வருடம் பதிப்புரிமை இருக்கிறது. பூ டிசைன்தான் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் இருக்கிறார், 1896இலேயே இறந்துவிட்டார். ஸ்ட்ராபெரி திருடும் பறவைகளை வைத்து 1883இல் அவர் செய்த துணி டிசைன், அவுரி நீலத்தில் தோய்த்துப் பிறகு தேவையான இடத்தில் வெளுத்து அடித்தது. அந்த வேலையைப் பார்த்தால் ஸ்கிரீனில் மை இழுக்கும் ஸ்குவீஜியைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருக்கும். கெல்டிக் இல்லை, ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நீங்களே வரைந்ததற்கும் ஒரு சிக்கல் உண்டு. டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் வைத்து, மெஷின் முறையில் 50க்கு மேல் பொருளில் அடித்துவிட்டால் அதன் மேல் உங்களுக்கிருந்த பதிப்புரிமை போய்விடும் என்று 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. 2000ஆம் வருட டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. காலேஜ் ஃபெஸ்டுக்கு இதெல்லாம் வேண்டாம். தொழிலாகப் போனால் அடிப்பதற்கு முன்னாலேயே போய் விசாரியுங்கள், விற்க ஆரம்பித்த பிறகு போனால் 'புதுசு இல்லை' என்பார்கள்.

*

உங்கள் பையில் நடுவில் இருக்கும் வெள்ளைப் பூ என்ன? அவர்கள் ஊர்ப் பூக்களை நாங்கள் ஏன் போட வேண்டும், ஏற்காட்டில் பூவுக்கா பஞ்சம்?
— காபித் தோட்டத்தில் வேலை செய்பவர், நாகலூர்

கேட்டீர்களே ஒரு கேள்வி. அது ஹாதார்ன், ஐந்து இதழ் வெள்ளைப் பூ, முள் மரம். மே மாதம் பூக்கும், அதனால் அங்கே அதற்கு 'மே' என்றே ஒரு பெயர். அயர்லாந்தில் வயல் நடுவே தனியாக நிற்கும் ஹாதார்னை வெட்டமாட்டார்கள், அதில் தேவதைக் கூட்டம் குடியிருக்கிறது என்று பயம். நம்மூரில் புளியமரத்து முனி மாதிரி. 1999இல் கிளேர் மாவட்டத்தில் பெரிய சாலை போடும்போது ஒரு ஹாதார்னுக்காக ஒருவர் எழுந்து பேச, அது நாடு முழுக்கச் செய்தியாகி, மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள். சில ஊற்றுகளுக்குப் பக்கத்து மரங்களில் வேண்டுதலுக்குத் துணி கிழித்துக் கட்டுவதும் உண்டு. நம் கோயில் மரங்களில் பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், 'அங்கேயுமா' என்று.

மிஸில்டோ என்று இன்னொன்று, பேகன் டிசைன் என்றால் இது இல்லாமல் இருக்காது. ஓக் மரத்தின் மேல் வளர்ந்த அதை, வெள்ளை உடை போட்ட துரூயித் என்ற கெல்டிக் பூசாரி மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் அறுப்பார் என்று ரோமாபுரிப் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். எவ்வளவு மரியாதை பாருங்கள். அது என்ன தெரியுமா? புல்லுருவி இனம்! நாம் ஆளைத் திட்டுகிற வார்த்தை. சேலத்து மாந்தோப்புக்காரர் யாரிடமாவது பையைக் காட்டி 'இது புனிதம்' என்று சொல்லிப் பாருங்கள், அவரும் அரிவாளோடுதான் ஏறுவார், தங்கம் மட்டும் இருக்காது.

ஆனால் நீங்கள் சொல்வது சரி. பூவுக்குப் பொருள் வைப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, எதிர்த்து நின்று மோதினால் தும்பை, ஜெயித்தால் வாகை. தேர்தல் முடிவன்று 'வாகை சூடினார்' என்று இன்னும் தலைப்பு போடுகிறார்கள், போடுகிறவர் வாகைப் பூவைப் பார்த்திருக்கிறாரோ இல்லையோ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார், அத்தனையும் மலைக்காட்டுப் பெண்கள் பறித்துப் பாறையில் குவித்தவை.

பின்னலுக்கு எடுத்த பூ என்று என்னைக் கேட்டால் செங்காந்தள். மாநிலப் பூ என்பதற்காக இல்லை. அதன் இலை நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? இலையே நீண்டு, கடைசியில் சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பாதி முடிச்சை அதுவே போட்டு வைத்திருக்கிறது, நாம் கோட்டை மூட வேண்டியதுதான். கிழங்கில் கால்சிசின் விஷம், பறித்துக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், பையில் அச்சடிக்க விஷமில்லை. ஐரோப்பியப் பைகளில் மணி மணியாகத் தொங்கும் ஃபாக்ஸ்குளோவ் பூவும் விஷம்தான், அதிலிருந்துதான் இதயத்துக்கான டிஜிடாக்சின் எடுத்தார்கள்.

அப்புறம் காபிப் பூ. கோடை மழை ஒன்று விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகி மல்லிகை வாசம் வீசுமே, சில நாளில் முடிந்துவிடும். நீங்கள் அதற்குள்ளேயே நிற்பதால் பெரிதாகத் தெரியாது, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற எங்களுக்குத் தலை சுற்றும் (வளைவினாலும் இருக்கலாம்). சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை ஒரு நாள் நின்று பாருங்கள். அடியில் கோடு ஒன்று, மேலே போகப் போக நாலு, எட்டு, எது எதற்குப் பின்னால் போகிறது என்று தேட வேண்டியிருக்கும். போனில் நாலைந்து படம் எடுத்து எனக்கு அனுப்பினால் வரைந்து தருகிறேன், முதல் கேள்வி கேட்ட உங்கள் ஊர்க் கடைக்காரம்மாவிடமே விற்றுக்கொள்ளலாம்.

*

பையை வாஷிங் மெஷினில் போடலாமா?
— சுவர்ணபுரி

உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், போடலாம். அச்சு மேல் நேராக இஸ்திரி வேண்டாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பூசணம் முடிச்சை விட அழகாகப் பூக்கும்.

*

நான் எட்டாம் வகுப்பு. உங்கள் பையைப் பார்த்து நோட்டில் 6 வரிசை, வரிசைக்கு 4 என்று புள்ளி வைத்து ஒரே கோட்டில் சுற்றப் பார்த்தேன். எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் இரண்டு கோடாகத்தான் வருகிறது. எங்கே தப்பு?
— ஆட்டையாம்பட்டி

முறுக்கு ஊர்க்காரிக்குச் சுற்ற வரவில்லையா! தப்பு உன் மேல் இல்லை கண்ணு, புள்ளி மேல். வரிசையும் புள்ளியும் நேராக அடுக்கிய கட்டத்தில், இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கோடுதான் வரும். 6க்கும் 4க்கும் 2. 5க்கு 3 வைத்துப் பார், ஒரே கோடு. 4க்கு 4 வைத்தால் நாலு. கெல்டிக் முடிச்சுக்கும் இதே கணக்கு. (நடுவில் ஏறி இறங்கும் இடைப்புள்ளிக் கோலத்துக்கு இது பொருந்தாது.) சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் 1970களிலேயே கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணம் மாதிரி எழுதலாம் என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார், அதனால் கணக்கு நேரத்தில் கோலம் போட்டதற்கு டீச்சர் திட்டினால் சொல்லலாம். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

போட்ட படத்தை அழிக்க வேண்டாம். ஒரு கோட்டைச் சிவப்பிலும் இன்னொன்றை நீலத்திலும் எடு. சிவப்பும் நீலமும் வெட்டிக்கொள்கிற ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் பெருக்கல் குறியை அழித்துவிட்டு, அங்கே இரண்டு கோடும் வெட்டாமல் முதுகைக் காட்டி வளைந்து திரும்புகிற மாதிரி போடு. இப்போது பென்சிலை எங்கே வைத்துக் கிளம்பினாலும் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்துவிடுவாய். வந்ததும் மேல் கீழ் குறித்து எனக்குப் படம் அனுப்பு, அடுத்த பை அதுதான்.